ஒருவரும் கடக்காத இரண்டு நாள்

ஐந்து இருபதுக்கு வரவேண்டிய பஸ் அன்று ஐந்து பதினெட்டுக்கே வந்துவிட்டது.

மாக்கஸ் அப்போது றோட்டின் நடுவில் நின்றார். நவம்பர் மாதத்து இருட்டு. மழை தூறிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கத்தில் பஸ் கதவைத் திறந்து ஆட்களை ஏற்றுவது தெரிந்தது. அதை விட்டால் அடுத்தது அரை மணித்தியாலம் கழித்துத்தான். கார் உதிரிப்பாகம் செய்யும் பக்டரியில் ஆறு மணிக்கு ஆள் மாறவேண்டும். மாற ஆள் வராவிட்டால் இரவெல்லாம் மெசினில் நின்றவன் வீட்டுக்குப் போகமுடியாது. மாக்கஸ் இத்தனை வருசத்தில் ஒருவரையும் அப்படி நிற்கவைத்ததில்லை. ஓடினார்.

கிழக்கே ரயில் பாலத்துக்கு அடியால் வந்த வான் அவரை இடுப்பில் அடித்தது. பஸ் ட்ரைவர் இறங்கி வந்து தன்னுடைய ஜக்கெற்றைக் கழற்றி அவர் மேல் போட்டார். வான்காரர் கரையில் குந்தியிருந்து, தான் காணவில்லை, காணவில்லை என்று அழுதார். சாப்பாட்டுப் பெட்டி திறந்து, புட்டு ஈரத்தாரில் கொட்டுண்டு கிடந்தது.

ஆஸ்பத்திரியில் இரண்டு முறை வெட்டினார்கள். இடுப்பில் தகடு வைத்தார்கள். மயக்கம் தெளிந்து கஞ்சி குடிக்கத் தொடங்கிய நாளில் ஒரு பொலிஸ்காரர் வந்தார். மரியாதையான மனிதர். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு கதைத்தார். அந்த இடம் ஆட்கள் கடப்பதற்கான இடம் இல்லை, பிழை நடந்து வந்தவருடையதுதான், தண்டம் கட்டச் சொல்லி ரிக்கெற் எழுதியிருக்கலாம், இவ்வளவு காயப்பட்டபடியால் எழுதவில்லை என்றார். சுகமாக வேண்டும் என்று வாழ்த்திவிட்டுப் போனார்.

மாக்கஸின் மனைவி றெஜினாவுக்கு பொலிஸ்காரர் சொன்னதில் கடைசி மட்டும் மனதில் நின்றது. பார்க்க வந்த எல்லோருக்கும் அதைச் சொன்னாள். ரிக்கெற் தந்திருக்கலாமாம். தரவில்லையாம். அந்த அளவுக்கு மாதா காப்பாற்றினார்.

அவர்கள் குடியிருக்கும் பில்டிங்குக்கு முன்னால் ஓடுகிற றோட்டுக்கு ஆறு லேன். நடுவில், திரும்பும் வாகனங்களுக்கென்று மஞ்சள் கோடு போட்ட ஒரு இடைவெளி. பஸ் தரிப்பு, தமிழ்க்கடை, டொக்டர், மருந்துக்கடை எல்லாம் எதிர்ப்பக்கம். இந்தப் பக்கத்தில் வீடு மட்டும்தான். ஆட்கள் கடக்கிற சிக்னல் லைற் மேற்கே ஒன்று இருக்கிறது. அதுவரை நடந்து, கடந்து, மறுகரையால் திரும்பி நடந்து வந்தால் பஸ் போய்விடும். ஆகவே எல்லோரும் நடுவால் கடந்தார்கள். பிள்ளை வண்டில் தள்ளுகிறவர்கள், சாமான் வண்டில் இழுக்கிறவர்கள், ஊன்றுகோல்காரர், ஆப்கானிஸ்தான் பெண்கள், பிலிப்பீன்ஸ் தாதிமார், தமிழர். பாதி கடந்து மஞ்சள் கோட்டுக்குள் நின்று மற்றப் பாதிக்குப் பார்ப்பார்கள். பெரிய லொறி போகும்போது சேலை பறக்கும்; பிடித்துக்கொள்வார்கள்.

கிழக்கே றோட்டு பாலத்துக்கு அடியால் வளைகிறது. கீழே நிற்கிறவருக்கு அங்கிருந்து வருகிற வாகனம் கிட்ட வரும்வரை தெரியாது. ஒன்பதாம் மாடியில் மாக்கஸின் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும். பாலத்துக்கு அப்பாலும் தெரியும்.

இதை அவர் கண்டுபிடித்தது வீட்டுக்கு வந்த பிறகுதான். வேலைக்குப் போன காலத்தில் அந்த ஜன்னலால் அவர் வெளியே பார்த்ததில்லை. இப்போது வேறு வேலை இல்லை. நாற்காலியை ஜன்னலோடு போட்டுக்கொண்டு, நடக்க உதவும் கம்பி வண்டிலைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டு இருந்தார். வெங்காயம் உரித்தார். மீன் வெட்டினார். தேத்தண்ணி ஊற்றவே தெரியாமல் இருந்த மனிதர் புட்டு அவிக்கப் பழகினார். மாவை எத்தனை முறை குழைத்தும் முதலில் கட்டி கட்டியாகத்தான் வந்தது. றெஜினா கட்டியை உதிர்த்துச் சாப்பிட்டாள்.

அவளுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலை. காலைச் சாப்பாடு அவள் பொறுப்பு. பல் இல்லாதவர்களுக்கு முட்டையை மசிக்கவேண்டும். விழுங்க முடியாதவர்களுக்கு ஜூஸைத் தடிப்பாக்கும் தூள் போட்டுக் கலக்கவேண்டும். கொஞ்சம் தண்ணிப்பதமாக இருந்தாலும் புரைக்கேறிவிடும். பிந்திப் போனால் அறுபது பேர் மேசையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். மாக்கஸ் வீடு வந்ததும் அவள் திரும்ப வேலைக்குப் போனாள். அதே றோட்டு. அதே இடம்.

முதல்நாள் அவள் வாசலால் இறங்கும்போது போன் அடித்தது.

"எங்க நிக்கிறீர்?"

"கீழதான். ஏன்?"

"போனைக் காதில வைச்சுக்கொண்டு நில்லும். நான் சொல்லேக்க போம்."

அவள் கரையில் நின்றாள். நிமிர்ந்து பார்த்தாள். ஒன்பதாம் மாடியில் குசினி வெளிச்சம் தெரிந்தது. ஒரு லொறியும் இரண்டு காரும் போயின. பிறகு காதுக்குள் அவர் குரல் வந்தது. "ம். போம்." நடு வரைக்கும் போனாள். நின்றாள். "பொறும். பாலத்தடியால ஒரு கார் வருது. வரட்டும்… ம். போம்."

அதற்குப் பிறகு ஒவ்வொரு நாளும் அப்படித்தான். பஸ்ஸில் ஏறி இருந்ததும், ஏறிட்டன், வையுங்கோ என்பாள். அவர் வைப்பார். வேறு கதை இல்லை.

மகள் ஜெனாட் ஒரு மணித்தியாலத் தூரத்தில், விட்பியில் இருந்தாள். அங்கே புதிதாகக் கட்டின வீடு. நிலக்கீழ் அறை சும்மா கிடந்தது. வந்து இருங்கோ என்று ஞாயிறு தோறும் கேட்டாள். அங்கிருந்து றெஜினா வேலைக்கு எப்படி வருவது என்று மாக்கஸ் கேட்பார். ஆகவே ஜெனாட் வேறு வழி பார்த்தாள். பில்டிங் முழுக்க ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினாள். ஆட்கள் கடக்கிற இடத்தில் ஒரு லைற் வேண்டும் என்று கவுன்சிலருக்கு அனுப்பினாள். திரும்பத் திரும்ப எழுதினாள். கோடையில் பதில் வந்தது.

"ஸ்ரடி ஒண்டு செய்யப் போயினமாம்," என்றாள் ஜெனாட். சாப்பாட்டு மேசையில் இருந்தார்கள். "ஃபோல் சீசனிலயாம். எத்தினை பேர் கடக்கினம் எண்டு பாப்பினம். இட்ஸ் அ குட் சைன் அப்பா."

"ஆர் வருவினம்?"

"சிற்றி ஆக்கள். டேற் சொல்ல மாட்டினமாம்."

மாக்கஸ் அன்றிலிருந்து ஒவ்வொரு நாள் காலையும் முகம் மழித்தார். அதிகாரிகள் வருவார்கள், கதவைத் தட்டுவார்கள், ஒன்பதாம் மாடியில்தானே அடிபட்டவர் இருக்கிறார் என்று கேட்டு வருவார்கள். என்ன சொல்லவேண்டும் என்று யோசித்து வைத்திருந்தார். றெஜினா அலுமாரியில் இருந்த நல்ல கப் இரண்டை எடுத்துக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள்.

ஒக்ரோபர் வந்தது. ஒக்ரோபர் செபமாலை மாதம். பில்டிங்கில் இருந்த கத்தோலிக்க வீடுகளுக்கு மாதா சுருவம் என்கிற சிறிய சிலை ஒவ்வொரு பின்னேரமும் ஒவ்வொரு வீடாகப் போகும். லிப்ற் குலுங்குகிற லிப்ற் என்பதால் சுருவத்தைத் துவாயால் சுற்றி, பிள்ளையைத் தூக்குவது போல் அணைத்துக்கொண்டு போவார்கள். இன்று எந்த வீடு, நாளை எந்த வீடு என்று வட்சப்பில் அறிவிப்பது றெஜினா. அவளுக்கு எழுத்து வராது, குரலில்தான் போடுவாள். செபமாலைக் குறூப்பில் அவள் குரல் வந்தால் எல்லோரும் கேட்பார்கள்.

அந்த வருசம் செபமாலையின் நாலாம் பத்து மணிச் செபத்தை லைற்றுக்காக ஒப்புக்கொடுப்போம் என்றவள் ஐந்தாம் மாடி அன்ரனெற். எல்லோருக்கும் அது சரியாகப் பட்டது. அதைக் கேள்விப்பட்டு நவரட்ணமும் வரத் தொடங்கினார். அவர் சைவக்காரர், தனி ஆள், இரண்டாம் மாடி. செபம் முடியும்வரை கையைக் கட்டிக்கொண்டு கதவோடு நிற்பார். பிறகு கடலையும் தேத்தண்ணியும்.

"எங்கட பிள்ளையார் றிச்மண்ட் ஹில்லில இருக்கிறார்," என்றார் அவர். "அவரிட்டப் போறதெண்டாலே கார் வேணும். பஸ்ஸில போற ஆக்களின்ர கரைச்சல் அவருக்கு விளங்காது. உங்கட மாதாவெண்டால் லிப்ற்றில வாறா."

ஒரு செவ்வாய்க்கிழமை வேலையால் வந்து பஸ்ஸிலிருந்து இறங்கிய றெஜினா அவர்களைக் கண்டாள். செம்மஞ்சள் மேலங்கி போட்ட இரண்டு பேர். ஒருவன் ஏணியில் ஏறி விளக்குக் கம்பத்தில் ஒரு பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தான். பெட்டியில் கமராக் கண். அது சனம் கடக்கிற இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. எதிர்க்கம்பத்திலும் ஒன்று கட்டியாகிவிட்டது.

அவள் தயங்கி நின்றாள். கீழே நின்றவன் அவளைப் பார்த்துக் கையை உயர்த்தினான். சும்மா வணக்கம் சொன்னானோ என்னவோ. றெஜினா உடனே திரும்பி மேற்குப் பக்கமாக நடந்தாள். லைற்றில் கடந்து, இந்தக் கரையால் திரும்பி வந்து, வீட்டுக்குள் நுழையும்போது கால் வலித்தது. கையில் பால் பை. ஆஸ்பத்திரிக் கட்டிலும் மடியில் தொப்பியோடு இருந்த பொலிஸ்காரரும் ஞாபகம் வந்தன.

அன்று சுருவம் அன்ரனெற் வீட்டில். நாலாம் பத்து மணி லைற்றுக்காக. எல்லோரும் கண்ணை மூடிச் சொன்னார்கள். மாதா மன்றாட்டு மாலை முடிந்து, அன்ரனெற் பொரித்த றோல்ஸைக் கொண்டுவந்ததும் றெஜினா கமராக் கதையைச் சொன்னாள்.

அன்ரனெற் சட்டியை மேசையில் வைத்தாள். "மாக்கஸ் அண்ணைக்குக் குடுக்காமல் விட்ட ரிக்கெற்றை எங்களுக்குக் குடுக்கப் போறாங்கள் போல."

"உது ஸ்பீட் கமராவாயும் இருக்கும்," என்றார் யாரோ.

"ஸ்பீட் கமரா வாகனத்தையெல்லோ பாக்கும்? இது நாங்கள் நிக்கிற இடத்தைப் பாத்துக்கொண்டு நிக்குது."

நவரட்ணம் கடலையை வாயில் போட்டார். "ஊரில ஆமிக்காரர் மாதிரிச் சென்றி போட்டிட்டாங்கள்," என்றார். "சென்றி போட்டால் மற்ற ஒழுங்கையால போற சனம் நாங்கள். எங்களுக்கு இதை ஆரும் சொல்லித் தரவேணுமே?"

எல்லோரும் சிரித்தார்கள். நெடுநாளைக்குப் பிறகு றெஜினாவும் சிரித்தாள். பிறகு அன்ரனெற் சொன்னாள், குறூப்பில் ஒருக்கால் போட்டுவிடு, வராத ஆட்கள் தெரியாமல் கடந்துவிடுவார்கள் என்று. பிள்ளைகுட்டிக்காரர், மாதம் முடியுமுன்னே கை கடிக்கிற வீடுகள். றெஜினா போனை வாய்க்குக் கிட்டப் பிடித்தாள். அறிவிப்புக் குரல் அது, அவளுக்கு நன்றாக வரும்.

"எல்லாருக்கும் ஸ்தோத்திரம். முன் றோட்டில சிற்றிக்காரர் கமரா பூட்டியிருக்கினம். ரிக்கெற் அடிக்கப் போயினமோ தெரியாது. ஆனபடியால் தயவுசெய்து ஒருத்தரும் நடுவால கடக்காதேங்கோ. லைற்றுக்குப் போய்க் கடவுங்கோ. தெரிஞ்ச ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ. நாளைக்கு மாதா ஏழாம் மாடிக்குப் போறா."

நவரட்ணம் அதைத் தன்னுடைய பஜனைக் குறூப்புக்கு அனுப்பினார். அங்கிருந்து அது முதியோர் சங்கத்துக்குப் போனது. ஆப்கான் வீடுகளுக்கும் பிலிப்பீன்ஸ் வீடுகளுக்கும் அவரவர் பாஷையில் போனது. பில்டிங்கில் தண்ணீர் நிற்கப்போகிறது என்ற அறிவித்தல்கூட அவ்வளவு கெதியாகப் பரவியதில்லை.

புதனும் வியாழனும் ஒருவரும் கடக்கவில்லை என்றே சொல்லலாம்.

மாக்கஸ் ஜன்னலால் பார்த்துக்கொண்டிருந்தார். வண்டில் தள்ளுகிறவர்கள், ஊன்றுகோல்காரர், பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகளைக் கொண்டுபோகிற தாய்மார் எல்லோரும் வாசலால் இறங்கி மேற்குப் பக்கம் திரும்பி, கரையோடு கரையாக, வரிசையாக நடந்தார்கள். றோட்டு வெறுமையாகக் கிடந்தது. சாப்பாட்டு நேரத்தில் றெஜினாவுக்குப் போன் எடுத்தார்.

"ஒரு குருவி கடக்கேல்லை."

"உண்மையாவோ?"

"சுவாமி வரேக்க வழி விட்ட மாதிரிக் கிடக்குது றோட்டு. சனம் உம்மட சொல்லை எப்பிடிக் கேக்குது பாத்தீரே."

அவளுக்குப் பெருமையாக இருந்தது. அன்று காலையில் அவளும் லைற்றால் சுற்றிப் போய் பஸ்ஸைத் தவறவிட்டிருந்தாள். சமையலறை மேற்பார்வையாளர் மணிக்கூட்டைப் பார்த்தார். முட்டையை அவசரமாக மசித்ததில் கட்டி நின்றுவிட்டது என்று தாதி திருப்பி அனுப்பினாள். அடுத்த நாள் இன்னும் வெள்ளென எழும்பினாள். நவரட்ணம் சாமான் வண்டிலோடு பாதி வழியில் மதிலில் குந்தியிருந்து, மேலே மாக்கஸுக்குப் போன் பண்ணி, நான் இதிலேயே இருக்கிறன், வெயில் சாய ஆரும் வந்து தூக்குங்கோ என்று சொன்னாராம்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் செம்மஞ்சள் மேலங்கிக்காரர் வந்து பெட்டிகளைக் கழற்றிக்கொண்டு போனார்கள். பின்னேரம் எல்லோரும் பழையபடி நடுவால் கடந்தார்கள்.

"சென்றியை எடுத்திட்டாங்கள்," என்றார் நவரட்ணம், லிப்ற்றில்.

மாக்கஸ் தொடர்ந்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். ஒருவரும் கதவைத் தட்டவில்லை.

நவம்பர் கடைசியில் கூட்டம் வைத்தார்கள். நூலகத்தின் நிலக்கீழ் மண்டபம். ஜெனாட் காரில் வந்து தகப்பனை ஏற்றினாள். மாக்கஸ் இஸ்திரி போட்ட சேட் போட்டிருந்தார். பில்டிங் சனம் முக்கால்வாசி வந்திருந்தது. கவுன்சிலர் வந்தார், முன்வரிசையில் இருந்தவர்களோடு கைகுலுக்கினார், பாதுகாப்புத்தான் தனக்கு முதல் காரியம் என்றார், இன்னொரு கூட்டம் இருக்கிறது என்று போய்விட்டார். அவருடைய உதவியாளர் நின்றாள். மெலிசா. தமிழ்ப்பிள்ளை. பெற்றோர் நீர்கொழும்பாம் என்று பின்வரிசையில் சொல்லிக்கொண்டார்கள். எங்கள் பிள்ளை ஒன்று அங்கே இருக்கிறது என்பதே ஒரு தென்பாக இருந்தது.

மெலிசா படம் காட்டினாள். றோட்டின் படம், மேலிருந்து. பிறகு ஒரு பக்கம் நிறைய எண்கள். அதை ஆங்கிலத்தில் விளக்கினாள். இரண்டு நாள் காலையிலிருந்து மாலைவரை கமராவில் எண்ணினார்கள். ஒரு லைற் போட இத்தனை நூறு பேர் கடக்கவேண்டும் என்று கணக்கு இருக்கிறது. கடந்தவர்கள் பதினொரு பேர். ஆகவே இந்த இடத்துக்கு லைற் சிபாரிசு செய்யவில்லை.

ஜெனாட் எழும்பினாள். "தற்ஸ் இம்பொசிபிள். ஒரு பஸ் வரேக்கயே இருபது பேர் கடக்கினம்."

மெலிசா வீடியோவிலிருந்து எடுத்த படங்களைக் காட்டினாள். காலை ஏழு மணி. வெறும் றோட்டு. எட்டு மணி. வெறும் றோட்டு. திகதி கீழே இருந்தது.

மண்டபத்தில் ஒரு சத்தம் வந்தது. மூச்சா, முனகலா என்று தெரியாத சத்தம். றெஜினா தன் கைகளைப் பார்த்தாள். காலையில் உரித்த உள்ளியின் மணம் இன்னும் விரலில் இருந்தது.

நவரட்ணம் கையை உயர்த்திக்கொண்டு எழும்பினார்.

"தங்கச்சி, தமிழ் விளங்கும்தானே?"

"கொஞ்சம் அங்கிள். மெதுவா சொல்லுங்கோ."

"அந்தப் பதினொண்டில ரெண்டு நான். போகேக்க ஒருக்கால், வரேக்க ஒருக்கால். மறந்துபோய்க் கடந்திட்டன்." சிலர் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. "மிச்சச் சனம் கமராவைக் கண்டு பயந்து கடக்கேல்லை. ரிக்கெற் அடிப்பினமெண்டு பயம். வட்சப்பில செய்தி வந்தது. எல்லாரும் லைற்றுக்குப் போய்க் கடந்தவை. அவ்வளவுதான் நடந்தது. ஆனபடியால் நீங்கள் திருப்பி எண்ணவேணும்."

மெலிசா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவளுக்கு விளங்கியது என்பது முகத்தில் தெரிந்தது.

"ரெண்டு நாளும் எல்லாரும் லைற்றுக்கு நடந்து போனவையா அங்கிள்?"

"ஓம்."

"வயசான ஆக்களும்?"

"ஓம் பிள்ளை. நானும்தான். காலை இழுத்து இழுத்துப் போனனான்."

"அப்ப…" அவள் கொஞ்சம் நிறுத்தினாள். அவளுக்கும் அதைச் சொல்ல விருப்பம் இல்லை போல் இருந்தது. "நான் இதைப் போய்ச் சொன்னால் எஞ்சினியர்ஸ் என்ன கேப்பினம் தெரியுமா? ரெண்டு நாள் ஏலுமெண்டால் ஏன் எல்லா நாளும் ஏலாது எண்டு கேப்பினம். அதுதானே சேஃப்?"

நவரட்ணம் கதிரையைப் பிடித்தார். மெல்ல உட்கார்ந்தார்.

ஜெனாட் ஆங்கிலத்தில் வேகமாகக் கதைத்தாள். தகப்பனைக் காட்டினாள். அந்த விபத்தையும் கணக்கில் எடுத்தார்களா என்று கேட்டாள். எடுத்தார்கள், அது நடந்து வந்தவரின் பிழை என்று பதிவாகியிருக்கிறது என்றாள் மெலிசா. திரும்ப எண்ண வருவார்களா? கேட்டுப் பார்க்கலாம். எப்போது? வேறு எத்தனையோ றோட்டுகள் வரிசையில் நிற்கின்றன, தனக்குத் தெரியாது. அவள் பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அவளுக்குத் தெரியாது.

மாக்கஸ் கம்பி வண்டிலைப் பிடித்துக்கொண்டு எழும்பப் பார்த்தார். றெஜினா முழங்கையைப் பிடித்தாள். அவர் பாதி எழும்பிய நிலையிலேயே சொன்னார்.

"பிள்ளை, நான் மேலயிருந்து நெடுகப் பாக்கிறனான். நீங்கள் ஆரும் ஒரு நாளைக்கு வீட்ட வாங்கோ. கமரா தேவையில்லை. என்ர ஜன்னலாலயே பாக்கலாம். தேத்தண்ணி ஊத்தித் தாறன்."

மெலிசாவின் கண் கலங்கியது. "கட்டாயம் சொல்றன் அங்கிள்," என்றாள்.

அப்போதுதான் ஜெனாட் சனத்தின் பக்கம் திரும்பினாள். "ஆர் அந்த மெசேஜ் போட்டது?"

அன்ரனெற் கைப்பையின் சிப்பைத் திறந்து மூடினாள். நவரட்ணம் கூரையைப் பார்த்தார். அவ்வளவு பேர் இருந்த மண்டபத்தில் ஒருவர்கூட றெஜினாவின் பக்கம் திரும்பவில்லை. ஒருவரும் திரும்பவில்லை என்பதுதான் அவளுக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஜெனாட் கோட்டைக் கழற்றாமல் குசினி வாசலில் நின்றாள்.

"ஒரு வருசமா எழுதினனான். வேலையில லீவெடுத்து எழுதினனான். ஆரோ விசர் ஒண்டு, ஒரு வட்சப்… ஐ கான்ற் ஈவின்… அம்மா, செபமாலைக் குறூப்பில வந்ததோ அது?"

றெஜினா அரிசி கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் வெள்ளையாகப் போய்க்கொண்டிருந்தது.

"நான்தான் போடச் சொன்னனான்," என்றார் மாக்கஸ்.

அவர் அவளிடம் போடச் சொல்லவே இல்லை. அந்தப் பின்னேரம் அவர் அன்ரனெற் வீட்டுக்கே வந்திருக்கவில்லை. றெஜினா திரும்பிப் பார்த்தாள். அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்களோ? ஏனப்பா?"

"பயத்தில."

ஜெனாட் தகப்பனை நெடுநேரம் பார்த்தாள். திட்டுவதற்கு வாயைத் திறந்தாள். கம்பி வண்டிலைப் பார்த்தாள். மூடிக்கொண்டாள். பிறகு தாயையும் தகப்பனையும் கொஞ்சிவிட்டு, விட்பிக்குப் போக ஒரு மணித்தியாலம் பிடிக்கும் என்று போய்விட்டாள். கொடுத்தது முத்தமா, தலையை முட்டிக்கொண்டதா என்று சொல்லமுடியாது.

றெஜினா அரிசியைத் திரும்பவும் கழுவினாள். கழுவின அரிசிதான்.

"என்னத்துக்கு அப்பிடிச் சொன்னனீங்கள்?"

"சோறு போடும். பசிக்குது."

கொஞ்சக் காலம் அவள் லைற்றுக்குப் போய்த்தான் கடந்தாள். விரதம் போல. பில்டிங்கில் வேறு ஒருவரும் அப்படிச் செய்யவில்லை. கரையோடு தனியாக மேற்கே நடந்து போகிறவளை மாக்கஸ் மேலிருந்து பார்த்தார், போன் எடுக்கவில்லை. இரண்டு பஸ் தவறியது. பிறகு மூன்றாவதும் நாலாவதும். மேற்பார்வையாளர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு இருக்கச் சொன்னார். கதவைச் சாத்திவிட்டுக் கதைத்தார். காலைச் சாப்பாட்டுக்கு வேறு ஆளைப் பார்க்கவேண்டிவரும், எனக்கும் விருப்பமில்லை என்றார். அன்று இரவு சாப்பிடும்போது றெஜினா அதைச் சொன்னாள். மாக்கஸ் மீன் முள்ளை எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தார்.

"நாளைக்குப் போனை எடும்," என்றார்.

கிறிஸ்மஸுக்குப் பிறகு பனி தொடங்கியது. ஜனவரியில் ஒரு கிழமை விடாமல் கொட்டியது. றோட்டு வழிக்கிற லொறி இருட்டில் வந்து, ஆறு லேனையும் வழித்து, வழித்த பனியை நடைபாதையில் குவித்துவிட்டுப் போனது. நடைபாதை வழிக்கிற வண்டி இன்னும் வரவில்லை. றெஜினா வாசலால் இறங்கி மேற்குப் பக்கம் பார்த்தாள். முழங்கால் உயரத்துக்குக் கிடந்தது. அன்றைக்கு லைற்றுக்குப் போக நினைத்திருந்தாலும் போயிருக்க முடியாது.

போனைக் காதில் வைத்தாள். கையுறைக்கு மேலால் வைத்தபடியால் வழுக்கியது.

"நிக்கிறன்."

"தெரியுது. மேற்கால ஒண்டும் இல்லை. ம். போம்."

பனிக்குவியலில் ஏறி இறங்கி, மூன்று லேனையும் கடந்து நடுவுக்கு வந்தாள். மஞ்சள் கோடு தெரியவில்லை, பழக்கத்தில்தான் நின்றாள். அப்போது காற்று திரும்பியது. பனி குறுக்காக, அடர்த்தியாக வந்தது. மேற்கே லைற்றின் சிவப்புத் தெரியாமல் போனது. பாலம் தெரியவில்லை. அவள் திரும்பி மேலே பார்த்தாள். குசினி வெளிச்சத்தைத் தேடினாள். ஒன்பதாம் மாடி இல்லை. பில்டிங்கே இல்லை.

எதிர்ப்பக்கத்தில் பஸ் வந்து நின்றது. அதன் உள்வெளிச்சம் மட்டும் மஞ்சளாகத் தெரிந்தது. கதவு திறந்தது. இரண்டு மூன்று பேர் ஏறுவது நிழலாகத் தெரிந்தது.

போனில் அவர் மூச்சு கேட்டது. கம்பி வண்டில் நிலத்தில் உரசுகிற சத்தம் கேட்டது. பிறகு துணியால் கண்ணாடியை அழுத்தித் துடைக்கிற சத்தம். துடைத்து, நிறுத்தி, திரும்பவும் துடைத்தார்.

அவள் ஒரு காலைத் தூக்கி, அதே இடத்தில் வைத்தாள்.

"இஞ்சேருங்கோ, இப்ப போகட்டே?"